வண்டி கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?



ஏலப்பாறை ஒரு மலை ஊர். இடுக்கி மாவட்டம், பீருமேடு தாலுகாவில் இருக்கிறது. குட்டிக்கானத்தில் இருந்து கட்டப்பனை போகும் ரோட்டில் வரும். சுற்றிலும் தேயிலை. கொஞ்சம் தள்ளினால் ஏலம். இங்கே ரோடு என்றாலே ஏற்றம், இறக்கம், சேறு. எஸ்டேட் ரோட்டில் ஒரு தடவை போய் வந்தால் ஜீப்பின் நிறமே தெரியாது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி பீருமேடு பகுதியில் பல தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டன. கொழுந்து எடுத்த குடும்பங்கள் திண்டாடின. ஆண்கள் வேறு வேலை தேடினார்கள். சிலர் ஜீப் ஓட்டினார்கள். சிலர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். வாகமண்ணுக்கு டூரிஸ்ட் வரத் தொடங்கிய பிறகு வண்டிகள் பெருகின. வண்டி பெருகினால் வண்டி கழுவும் கடையும் பெருகும். ஒரு மோட்டார், ஒரு ஓஸ், ஒரு துப்பாக்கிக் குழாய். இவ்வளவு இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்கலாம். ஆகவே வாட்டர் சர்வீஸ் கடையைத் தப்பாகப் பேச வேண்டாம். அதுவும் ஒரு வீட்டின் அடுப்பு.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

மலையில் தண்ணீர் ஓர் இடத்தில் நிற்காது. ரோட்டு ஓரத்தில் விழுந்த தண்ணீர் ஓடைக்குப் போகும். ஓடை பள்ளத்துக்குப் போகும். அங்கே ஒரு லயம் இருக்கும். அந்த லயத்துப் பெண்கள் அதே ஓடையில் குடம் வைப்பார்கள். மேலே வண்டி கழுவுகிறவருக்குக் கீழே குடம் வைப்பவரைத் தெரியாது. ஓடை இன்னும் கீழே போகும். பீருமேடு மலையின் கிழக்குச் சரிவுத் தண்ணீர் பெரியாற்றில் சேர்கிறது. பெரியாறு 244 கிலோ மீட்டர் ஓடிக் கடலுக்குப் போகிறது. ஆலுவாயில் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் எடுத்துச் சுத்தம் செய்து கொச்சிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள்.

வண்டி கழுவிய தண்ணீரில் வெறும் சேறு மட்டும் இல்லை. என்ஜின் ஆயில் இருக்கிறது. கிரீஸ் இருக்கிறது. டீசல் இருக்கிறது. சோப்பு இருக்கிறது. பிரேக் தேய்ந்த தூள் இருக்கிறது. எண்ணெய் தண்ணீருக்கு மேலே ஆடை போலப் படரும். அந்த ஆடை காற்றைத் தண்ணீருக்குள் விடாது. மீனுக்கும் தவளைக்கும் மூச்சு முட்டும். அந்தத் தண்ணீர் மாட்டுக்கும் ஆகாது, மனிதருக்கும் ஆகாது.

"கொஞ்சம் எண்ணெய்தானே? ஓடை கொண்டு போய்விடும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆற்றிலோ ஓடையிலோ விடும் கழிவுத் தண்ணீரில், ஒரு லிட்டருக்கு 10 மில்லி கிராம் எண்ணெய்க்கு மேல் இருக்கக் கூடாது. இது அரசாங்கம் வைத்த பொது அளவு. ஒரு லிட்டர் பழைய ஆயில் ஏறக்குறைய 900 கிராம். அதை இந்த அளவுக்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 90,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி என்றால் ஏழரை லாரி. ஒரு லிட்டர் ஆயிலுக்கு ஏழரை லாரித் தண்ணீர்! கோடைக்காலத்தில் ஏலப்பாறை ஓடையில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது?

இதற்குச் சட்டம் இருக்கிறது. 1974-ல் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது. கெட்ட கழிவை ஓடையிலோ கிணற்றிலோ தெரிந்தே விடக் கூடாது என்று அதன் 24-ஆம் பிரிவு சொல்கிறது. 1988-ல் அதைத் திருத்தினார்கள். நிலத்தில் விடவும் கூடாது என்று சேர்த்தார்கள். "ஓடையில் விடவில்லை, என் நிலத்தில்தான் விட்டேன்" என்று யாரும் தப்ப முடியாது. அதே திருத்தத்தில் வாரியத்துக்கு இன்னொரு அதிகாரமும் கிடைத்தது. தப்பு செய்கிற கடையை மூடச் சொல்லலாம். அதன் கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம்.

வாரியம் என்பது மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம். வண்டி சர்வீஸ், ரிப்பேர், பெயிண்ட் வேலைகளை மத்திய வாரியம் 2016-ல் ஆரஞ்சு வகையில் வைத்தது. மாசு அதிகம் உள்ள தொழில் சிவப்பு வகை. அடுத்தது ஆரஞ்சு. தொழில் தொடங்கும் முன் வாரியத்தின் அனுமதி வேண்டும். நடத்தவும் அனுமதி வேண்டும். பஞ்சாயத்து லைசென்ஸ் தனி.

சட்டம் என்றதும் சிறிய கடைக்காரர் பயந்துவிடுவார். பயப்பட வேண்டியதில்லை. செய்ய வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. மூன்று அறை உள்ள ஒரு தொட்டி போதும்.

முதல் அறையில் மண்ணும் சேறும் அடியில் படியும். இரண்டாம் அறையில் எண்ணெய் மேலே மிதக்கும். மூன்றாம் அறைக்குப் போகும் குழாயை மேலே வைக்கக் கூடாது. மேலே வைத்தால் எண்ணெயும் கூடவே போகும். குழாயின் வாய் தண்ணீருக்குள் முழுகி, கீழ் நோக்கி இருக்க வேண்டும். அப்போது அடியில் உள்ள தண்ணீர் மட்டும் ஏறி அடுத்த அறைக்குப் போகும். எண்ணெய் மேலேயே தங்கும். மோர் கடைந்து வெண்ணெய் எடுக்கிற வீட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

தொட்டியின் அளவையும் கணக்குப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். சிறிய மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் அடிக்கும். ஒரு ஜீப்புக்கு 15 நிமிடம் என்றால் 150 லிட்டர். ஒரு நாளில் 20 வண்டி என்றால் 3,000 லிட்டர். இவ்வளவும் அவசரம் இல்லாமல் நின்று, தெளிந்து போக இடம் வேண்டும். குடம் அளவில் குழி தோண்டி அதைத் தொட்டி என்று காட்டினால் யாருக்கும் பயன் இல்லை.

சோப்பு விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். சோப்பு எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைத்துவிடும். பாத்திரம் சுத்தமாவது அதனால்தான். ஆனால் உடைந்த எண்ணெய் சீக்கிரம் மேலே வராது. தண்ணீரோடு கலந்தே தொட்டியைத் தாண்டிவிடும். அதனால் சோப்பைக் குறைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை முதலில் பழைய துணியால் துடைத்து எடுத்துவிட்டுப் பிறகு தண்ணீர் அடிப்பது நல்லது. வண்டியின் அடியில் டீசல் அடிக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. துருப் பிடிக்காது என்கிறார்கள். முதல் மழையில் அந்த டீசல் முழுவதும் ரோட்டுக்கு வந்துவிடும். அதை விடுவதே மேல்.

இந்த மலையில் இன்னொரு ஆபத்து மழை. இடவப்பாதி தொடங்கினால் விடாது பெய்யும். மேலே கூரை இல்லாத தொட்டி ஒரு மணி நேரத்தில் நிரம்பி வழியும். ஆறு மாதம் சேர்த்து வைத்த எண்ணெய் ஒரே மழையில் ஓடைக்குப் போகும். கழுவும் இடத்துக்கு ஒரு தகரக் கூரை போட வேண்டும். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் சுற்றிலும் சிறு கரை கட்ட வேண்டும். மூன்றாம் அறைத் தண்ணீரை வீணாக விட வேண்டாம். சேறு பிடித்த டயரை முதல் தடவை கழுவ அது போதும். மோட்டார் செலவும் குறையும்.

சேர்ந்த பழைய ஆயிலை என்ன செய்வது? 2016-ல் வந்த அபாயக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் சேர்ந்திருக்கிறது. பதிவு பெற்ற சுத்திகரிப்புக்காரருக்குத்தான் அதைக் கொடுக்க வேண்டும். மரத்துக்குப் பூசவும், அடுப்பு எரிக்கவும், ஓடையில் ஊற்றவும் கூடாது.

மருந்து அடிக்கிற ஆட்களுக்கும் இது பொருந்தும். ஏலத்துக்கு மருந்து அடித்துவிட்டு டிரம்மை ஓடையில் கழுவுவது பழைய பழக்கம். ஆயிலைவிட இது கொடியது. பூச்சி மருந்து விதிகள் 1971-ல் வந்தவை. மருந்து டப்பாவையும், மிச்சத்தையும், கழுவிய தண்ணீரையும் தண்ணீர் கெடாதபடி அப்புறப்படுத்துவது மருந்து அடிப்பவர் கடமை என்று அந்த விதிகள் சொல்கின்றன. கழுவிய தண்ணீர் என்றே அதில் எழுதி இருக்கிறது.

கழுவிய தண்ணீர் என்ன செய்யும் என்பதை ஐரோப்பாவும் ஒரு நாள் பார்த்தது. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைக்கத் தண்ணீர் அடித்தார்கள். அந்தத் தண்ணீர் பூச்சி மருந்தைக் கழுவிக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கியது. ஆறு சிவந்தது. விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கீழே நெதர்லாந்து வரை ஆற்றில் குடிதண்ணீர் எடுப்பதை நிறுத்தினார்கள். அத்தனை பணக்கார நாடுகள்! அத்தனை வசதி! ஆனால் ஒரே இரவில் வந்த தண்ணீர் அது.

பக்கத்தில் பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற எல்லை ஊர். பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது. 2000-ல் அங்கே கோக்கோ கோலா ஆலை வந்தது. கிணறுகள் வற்றின. இருந்த தண்ணீரும் குடிக்க ஆகவில்லை. ஆலையின் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003-ல் அதைச் சோதித்தபோது காட்மியம் என்ற விஷ உலோகம் இருப்பது தெரிந்தது. ஆதிவாசிப் பெண் மயிலம்மா முன்னால் நின்றார். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007-ல் காலமானார். 2010-ல் அரசாங்கம் அமைத்த குழு, நஷ்டம் 216 கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னது. நஷ்ட ஈடு வாங்கித் தர 2011-ல் கேரள சட்டசபை ஒரு மசோதா நிறைவேற்றியது. அதற்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

ஒரு பெரிய ஆலையிடம் நஷ்ட ஈடு வாங்க இவ்வளவு பாடு. சிறிய வாட்டர் சர்வீஸ் கடையை மூட ஒரு காகிதம் போதும். இது நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லைதான். அதனால் முதலில் கடைக்காரரோடு உட்கார்ந்து பேசுவது நல்லது. தொட்டி கட்ட அவருக்குக் கொஞ்ச காலம் கொடுக்கலாம். எங்கே குடம் வைக்கிறார்கள் என்பதை அவரையே அழைத்துப் போய்க் காட்டலாம். பல இடத்தில் அவருடைய சொந்தக்காரர் வீடே கீழே இருக்கும்.

அப்படியும் கேட்காவிட்டால் மனு எழுதலாம். கிராம பஞ்சாயத்துச் செயலாளருக்கு ஒன்று, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று. "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று மட்டும் எழுதினால் அதிகாரிக்கு எதுவும் புரியாது. எந்த நாள், எந்த நேரம், எந்த ஓடை, தண்ணீரின் நிறம், மணம், எத்தனை வீட்டுக்காரர்கள் அங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று எழுத வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் போட வேண்டும். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மனுவைக் கொடுத்ததும் அந்த நகலில் சீலும் தேதியும் கேட்டு வாங்க வேண்டும். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும்.