கூடி அமர்ந்தால் குனிந்த தலை நிமிரும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஆற்றிய கல்விப் பணியைப் பலரும் பாராட்டினர். கல்வி பெற்ற பின்னும் நெஞ்சில் தங்கிவிடும் ஒரு நோயைப் பற்றி நான் பேச விழைகிறேன்.

ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் உடன் பயின்ற ஒருவர், "படப்பையில் எந்தத் தெரு?" என்று வினவினார். சேரி என்று சொல்ல நா எழவில்லை. கடைத்தெரு என்றேன். அன்று என்னை எவரும் இழித்துரைக்கவில்லை. என் தாய் வாழ்ந்த தெருவை நானே மறைத்தேன். அண்மையில் ஒரு வகுப்பில் உதவித்தொகைக்குப் பெயர் அழைத்தபோது, நம் தெருச் சிறுமி ஒருத்தி எழாமலே அமர்ந்திருந்தாள். அவள் மௌனத்தில் என் பழைய பொய்யைக் கண்டேன்.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின அறிஞர் தம்பதியர், 1940-களில், நிறம் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்தனர். நல்ல பொம்மை எது என்று கேட்டபோது பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினர். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இவ்வாய்வும் சுட்டப்பட்டது. ஆயினும் சட்டம் மட்டுமே நெஞ்சின் வெட்கத்தை அகற்றிவிடாது. 1974-இல் பாஸ்டன் நகரில் கறுப்பினப் பெண்கள் சிலர் குழுவாகக் கூடித் தாம் பட்டவற்றைத் தம்முள் பேசினர். தன் குறை என்று ஒவ்வொருத்தியும் எண்ணியிருந்தது, அனைவர்மீதும் சுமத்தப்பட்ட அநீதியே எனத் தெளிந்தனர்.

நமக்கும் இவ்வழி புதிதன்று. 1942-இல் நாகபுரியில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், சமுதாயத்தின் முன்னேற்றத்தைப் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாக அண்ணல் அம்பேத்கர் கூறினார். 1944-இல் சென்னைப் பெண்கள் மாநாட்டிற்கு அன்னை மீனாம்பாள் தலைமை ஏற்றார். ஆசிரியை பாமா 1992-இல் 'கருக்கு' நூலில் தம் வாழ்வை மறைக்காது எழுதினார். 1994-இல் 'சங்கதி'யில் நம் பெண்களின் உழைப்பையும் துயரையும் கேலியையும் அவர்கள் பேச்சிலேயே இலக்கியமாக்கினார்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணி நேரம் நம் படிப்பகம் பெண்களுக்கே உரியதாகட்டும். கல்லூரி செல்லும் அக்காமார் தாம் பட்ட அவமானத்தைத் தங்கையரிடம் மறைக்காமல் சொல்லட்டும். நடவு நட்ட கைகளால் நம்மைப் படிக்கவைத்த பாட்டிமார் நடுவில் அமரட்டும். அந்த ஒரு மணி நேரம் அடுப்பை ஆண்களாகிய நாம் பார்த்துக்கொள்வோம்.

அடுத்த முறை பெயர் அழைக்கும்போது அச்சிறுமி எழுந்து நிற்க வேண்டும். அவளுக்கு முன், அறுபதை நெருங்கும் நான் இன்று இம்மேடையில் சொல்கிறேன்: நான் படப்பைச் சேரியில் பிறந்தவன்.