தோட்டா அதிகாரியிடம் இருக்கட்டும்



2025 ஆகஸ்டில் வாஷிங்டன் நகரத்தில் குற்றங்களை ஒடுக்கப் போவதாகச் சொல்லி, பகுதிநேர வீரர்களைக் கொண்ட நேஷனல் கார்டு படையை இறக்கினார் அதிபர் டிரம்ப். வந்த வீரர்களில் பலர் பூங்காக்களில் குப்பை பொறுக்கினார்கள். முதலில் ஆயுதம் இல்லாமல்தான் ரோந்து சுற்றினார்கள். இரண்டு வாரம் ஆவதற்குள் பாதுகாப்பு அமைச்சரின் அனுமதி வந்தது. சிலர் இடுப்பில் கைத்துப்பாக்கி ஏறியது, சிலர் கையில் ரைஃபிள். சுற்றுலாப் பயணிகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடக்கிற இடத்தில் ரைஃபிளுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களை, சிப்பாயின் உயிரை மதிக்காதவர்கள் என்றார்கள்.

சிப்பாய்க்குத் துப்பாக்கியே கூடாது என்று இந்த மேடை சொல்லவில்லை. ஊருக்குள் போலீஸ் வேலைக்கு வருகிற சிப்பாயின் துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கலாமா என்பதுதான் வழக்கு. இந்த வழக்குக்கு அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது.

1967 ஜூலை. டெட்ராய்ட் நகரம் எரிகிறது. அனுமதியில்லாத ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் நடத்திய சோதனையில் தொடங்கிய கலவரம். மிச்சிகன் மாநிலத்து நேஷனல் கார்டு வருகிறது. போதவில்லை என்று ராணுவத்தின் பாராசூட் படையும் வருகிறது. மேற்குப் பகுதி கார்டு கையில், கிழக்குப் பகுதி பாராசூட் வீரர்கள் கையில். தளபதி ஜான் த்ராக்மார்ட்டன் இரண்டு படைக்கும் ஒரே உத்தரவு போட்டார்: துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுங்கள்.

பாராசூட் வீரர்கள் எடுத்தார்கள். அவர்களில் வியட்நாம் போரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். சுடத் தெரியாமல் எடுக்கவில்லை. கார்டு வீரர்களில் பெரும்பாலோர் அந்த உத்தரவைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிகரெட் பற்றவைத்த ஒரு கணத்து வெளிச்சத்தை எதிரியின் துப்பாக்கி என்று நினைத்து, டாங்கியின் கனரக இயந்திரத் துப்பாக்கியால் ஒரு குடியிருப்பைத் துளைத்தார்கள். உள்ளே இருந்த நான்கு வயதுக் குழந்தை செத்துப்போனது.

பிறகு, கலவரத்தை விசாரிக்க அமைத்த கெர்னர் ஆணையம் கணக்குப் பார்த்தது. மொத்தம் 43 சாவு. அதில் கார்டின் கையால் ஏழு, பெரும்பாலும் ஒன்பதாகவும் இருக்கலாம். ராணுவத்தின் கையால் ஒன்று. சுமார் 2,700 ராணுவ வீரர்கள் அத்தனை நாளிலும் சுட்ட தோட்டாக்கள் 201, அவையும் பெரும்பாலும் வந்த முதல் சில மணி நேரத்தில். கிழக்குப் பகுதிதான் முதலில் அடங்கியது. பயிற்சியும் அனுபவமும்கூட வேலை செய்தன, மறுக்க வேண்டாம். அப்படியென்றால் பயிற்சி குறைந்தவன் துப்பாக்கியிலிருந்துதானே முதலில் தோட்டாவை எடுத்திருக்க வேண்டும்? ஆனால் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று கடிந்துகொண்டது யாரை? தோட்டாவை எடுக்கச் சொன்ன த்ராக்மார்ட்டனை!

அதே ஆண்டு அக்டோபரில் வியட்நாம் போருக்கு எதிராகப் பல்லாயிரம் பேர் பென்டகனை முற்றுகையிட்டார்கள். சிப்பாய்களின் துப்பாக்கிக் குழலில் இளைஞர்கள் பூச்செருகிய படம் உலகமெங்கும் போனது. அந்தத் துப்பாக்கிகளில் தோட்டா இல்லை. தன் அனுமதி இல்லாமல் நிரப்பக் கூடாது என்று பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா சொல்லிவைத்திருந்தார். அனுமதி கொடுக்கும் எண்ணமும் தனக்கு இருக்கவில்லை என்று முதுமையில் சொன்னார். வியட்நாமில் அவர் செய்தவற்றுக்காக யாரும் அவரைப் புகழ வேண்டாம். ஆனால் அன்று அந்த வாசலில் ஒரு பிணம்கூட விழவில்லை.

இவ்வளவும் தெரிந்த நாட்டில்தான் 1970 மே 4 நடந்தது.

ஓஹாயோ மாநிலம், கென்ட் பல்கலைக்கழகம். கம்போடியாவுக்குள் படை போகும் என்று நிக்சன் அறிவித்திருந்தார். மாணவர்கள் கொதித்தார்கள், வளாகத்தில் ஒரு கட்டடம் எரிந்தது. லாரி ஓட்டுநர் வேலைநிறுத்தத்தில் காவல் நின்று களைத்த கார்டு வீரர்களை அப்படியே அங்கே திருப்பிவிட்டார்கள். அவர்கள் கையில் எம்1 ரைஃபிள், இரண்டாம் உலகப் போரின் ஆயுதம். முதல் தோட்டா சேம்பருக்குள் ஏறியே இருக்க வேண்டும் என்பது ஓஹாயோ கார்டின் விதி. கல் வந்தது, வசவு வந்தது. 28 பேர் சுட்டார்கள். 13 விநாடி, 60-க்கு மேற்பட்ட குண்டுகள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயப்பட்டார்கள்.

இறந்தவர்களில் மிக அருகில் நின்றவரே சுமார் 80 மீட்டர் தள்ளி நின்றார். எண்பது மீட்டரிலிருந்து கல்லெறிந்து யாரைக் கொல்ல முடியும்? இருவர் போராட்டத்தில் சேராதவர்கள். அவர்களில் ஒருவர் ராணுவப் பயிற்சி வகுப்பு மாணவர்!

ஜாலியன்வாலா பாக்கில் கட்டளையிட ஒரு டையர் இருந்தார். கென்டில் சுடச் சொன்னது யார் என்று விசாரணைகளில் நிரூபணமே ஆகவில்லை. தோட்டா ஏறிய துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் ஒவ்வொரு சிப்பாயும் தனக்குத் தானே தளபதியாகிவிட்டான். எட்டு வீரர்கள் மீது வழக்கு வந்தது. நீதிபதி தள்ளுபடி செய்தார். 1979-ல் மாநில அரசு 6,75,000 டாலர் கொடுத்து, வருத்தம் தெரிவிக்கும் ஓர் அறிக்கையோடு கணக்கை முடித்தது.

எதிர்த்தரப்பு இரண்டு வாதம் வைக்கும். ஒன்று, லாஸ் ஏஞ்சலஸ் 1992. கலவரத்துக்குக் கூட்டிய கார்டு தோட்டா இல்லாமல் காத்துக் கிடந்தது, வேறு முகாமிலிருந்து ஹெலிகாப்டரில் தோட்டா வர மணிக்கணக்கானது, ஊர் எரிந்தது. உண்மைதான். ஆனால் அது கிடங்கை எங்கேயோ வைத்தவர்களின் குற்றம். தோட்டா பக்கத்திலேயே, அதிகாரியின் பொறுப்பில் இருந்திருந்தால் சில நிமிட வேலை.

மற்றொன்று கனமானது. 2025 நவம்பரில் வெள்ளை மாளிகைக்கு அருகே இரண்டு கார்டு வீரர்கள் மறைந்திருந்து சுடப்பட்டார்கள். இளம்பெண்ணான ஒருவர் உயிரிழந்தார். அந்தச் சாவை வைத்து இங்கே யாரும் வாதாட வேண்டாம். ஆனால் ஆயுத அனுமதி வந்து மூன்று மாதம் ஆன பிறகுதான் அது நடந்தது என்பதை மறைக்கவும் வேண்டாம். தனியே காவல் நிற்பவர் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது வேறு. கூட்டத்தின் முன்னால் வரிசையாக நிற்கிற நூறு பேருக்கு நிரப்பிய ரைஃபிள் கொடுப்பது வேறு.

நிக்சனே நியமித்த ஸ்க்ரான்டன் குழு 1970-லேயே சொல்லிவிட்டது: மாணவர் கூட்டத்தின் முன் நிற்கும் கார்டு வீரருக்கு வழக்கமாகவே நிரப்பிய ரைஃபிள் கொடுப்பது கென்டோடு முடிய வேண்டும். அந்தப் பரிந்துரையைச் சட்டமாக எழுதச் சொல்லிக் கேட்கிறது இந்த மேடை. ஒரு அமைச்சரின் கையெழுத்தால் மாறிவிடும் உத்தரவாக அதை விட்டுவைக்கக் கூடாது. தோட்டாவை நிரப்பச் சொல்லும் அதிகாரி யார் என்ற பெயரும் பொறுப்பும் அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டும்.