யார் வீட்டு மொய்?

பந்திக்கு இடம் பிடிக்க எழுந்த தம்பிமார்கள், நான் மைக்கைத் தொட்டதும் மரியாதைக்காக மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

சாம்பார் வாசம் மேடை வரைக்கும் வருகிறது. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம். பாயசத்தில் மிதப்பது ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி. பெரம்பலூரும் அரியலூரும் இன்றைக்கு ஒரே அடுப்பில் வேகின்றன. அந்த வாசத்தை ஜெயித்துப் பேச என்னால் ஆகாது. சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன். ஆனால் வாத்தியார் வேலை பார்த்தவன். மணி அடிக்காமல் நிறுத்திப் பழக்கமில்லை.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு பெரியவர் மொய் மேசைப் பையனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "யார் வீட்டு விசேஷம் தம்பி? காதுகுத்தா?" பையன் சொன்னான், "இல்லீங்க தாத்தா, போர் வேண்டாம்னு சொல்றவங்க வைக்கிற விருந்து." பெரியவர் விடவில்லை. "வேண்டாம்னு வாயால சொல்றதுக்குக் காசு எதுக்குடா?"

நல்ல கேள்வி. நான் தயாரித்து வந்த பேச்சைச் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டேன். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

ஐயா, போர் நம் வீட்டுக்கு வந்து துண்டு ஏந்துவதில்லை. நாம் வாங்கும் சோப்பிலும் டீசலிலும் வரியாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டாக்ஹோமில் உள்ள அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024-ஆம் ஆண்டில் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது ஏறக்குறைய 2,71,800 கோடி டாலர். ரூபாய் இல்லை, டாலர். செலவில் ஐந்தாவது இடம் நமக்கு. இந்தச் செலவுக்காக யாரும் நம்மிடம் மொய் நோட்டு நீட்டிக் கெஞ்சவில்லை. "வேண்டாம்" என்று சொல்பவன்தான் மண்டப வாடகைக்கும் மைக் செட்டுக்கும் கை நீட்ட வேண்டியிருக்கிறது. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாள். அன்றைக்குப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் காகிதக் கொக்கு மடிக்கக் காகிதம் வாங்க வேண்டும். ஊர் ஊராகப் போக வேனுக்கு டீசல் போட வேண்டும். துண்டறிக்கை அச்சடிக்க வேண்டும். செலவு இவ்வளவுதான். இன்றைக்குச் சேரும் பணம் எந்த நாட்டுக்கும் போகாது, எந்தக் கட்சிக்கும் போகாது. இந்த இரண்டு மாவட்டத்துத் தெருக்களில்தான் செலவாகும்.

அப்படியானால் ஒரு பெரிய மனிதரிடம் மொத்தமாக வாங்கிவிடலாமே என்பீர்கள். ஒருவர் வந்தார். விருந்துச் செலவு முழுதும் தன்னுடையது என்றார். மகிழ்ச்சியாக இருந்தது. பேனரில் தன் படம் இருக்க வேண்டும் என்றார். அதற்கும் சரி என்றுதான் சிலர் சொன்னார்கள். பிறகு, எந்தப் போரைப் பற்றிப் பேசலாம், எதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். காபி கொடுத்து அனுப்பிவைத்தோம். ஐம்பது ரூபாய் மொய் எழுதுகிறவர் பட்டியல் கொடுப்பதில்லை. "பாயசம் தண்ணியா இருக்கு" என்று மட்டும்தான் சொல்வார்.

இந்த இடத்தில் கோவூர் கிழாரை நினைத்துக்கொள்கிறேன். உறையூரை நெடுங்கிள்ளி உள்ளே இருந்து பூட்டிக்கொள்ள, நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டு நின்றான். இருவருமே சோழர்கள். இருவர் நடுவிலும் போய் நின்று, தோற்பது யாரானாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று கேட்டவர் அந்தப் புலவர். பகை மன்னன் மலையமானின் சின்னப் பிள்ளைகளை இன்னொரு சோழ மன்னன் யானைக் காலில் இட இருந்தபோதும் குறுக்கே நின்றவர் அவரே. யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்ட பிள்ளைகளைக் காட்டி மன்னனின் மனத்தைத் திருப்பப் பார்த்தார். எல்லா மேடையிலும் இதைச் சொல்வார்கள். நான் வேறொன்றை யோசிப்பேன். அவருடைய வீட்டு அடுப்பு எரிந்தது மன்னர்கள் தந்த பரிசிலில்தான். படியளக்கிற கையை எதிர்த்துப் பேசுகிற நெஞ்சுரம் அவருக்கு இருந்தது. எனக்கு அவ்வளவு இருக்குமா என்று தெரியாது. அதனால்தான் என் போன்றவர்களுக்கு ஒரே கை படியளக்கக் கூடாது. ஆயிரம் கை அளக்க வேண்டும்.

சரி, மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டும். அதுதானே முறை? புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்தே வைக்கிறார்கள். அவன் உனக்கு ஆயிரம் செய்திருந்தால் நீ அதற்கு மேலே கொஞ்சம் போட்டுச் செய்ய வேண்டும். எங்கோ குண்டு விழுகிற ஊர்க்காரன் நமக்கு எப்போது செய்தான் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த சுனாமியை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினக் கரைக்கு எத்தனை நாட்டு மக்களின் உதவி வந்தது! நாம் பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்க்காரர்கள் நமக்கு எழுதிய மொய் அது. நோட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நாமும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறோம். 1937-இல் ஜப்பான் சீனாமீது படையெடுத்தது. சீனத் தளபதி சூ தே மருத்துவ உதவி கேட்டு நேருவுக்குக் கடிதம் எழுதினார். அன்றைக்கு நாமே அடிமை நாடு. காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் 1938-இல் மக்களிடம் நிதி கேட்டார். சுமார் 22,000 ரூபாய் சேர்ந்தது. ஐந்து டாக்டர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவர் சோலாப்பூர் துவாரகாநாத் கோட்னிஸ். மற்ற நால்வரும் திரும்பினார்கள். அவர் அங்கேயே தங்கிக் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, 1942 டிசம்பரில் 32 வயதில் அந்த மண்ணிலேயே இறந்தார்.

இருபது வருஷம் கழிந்தது. 1962. அதே சீனாவோடு நமக்குச் சண்டை. இந்தத் தடவை யுத்த நிதி. எம்.ஜி.ஆர். 75,000 ரூபாய் கொடுத்தார். நாடெங்கும் பெண்கள் வளையலையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக்குள் ஆள் புகுந்தால் என் அம்மாவும் தாலிச் செயினைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்திருப்பார். ஆனால் ஒரு தலைமுறைக்குள் நம் மொய் நோட்டில் சீனாவின் பெயருக்கு நேராக ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் தோட்டா. அப்படியானால் 1938-இல் கொடுத்த காசு வீணா? நான் இதைப் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். சண்டையெல்லாம் நடந்த பிறகும் சீனத் தலைவர்கள் இந்தியா வரும்போது கோட்னிஸ் குடும்பத்தாரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லைக் கோடு எங்கே என்று இரு நாட்டுக்கும் இன்னும் தகராறு. அந்த டாக்டரைப் பற்றி மட்டும் தகராறே இல்லை.

போரை எதிர்த்தால் ராணுவக்காரனை எதிர்ப்பதாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் இறந்த 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் ஒருவர் நம் அரியலூர் மாவட்டத்துப் பிள்ளை. கொடி போர்த்திய பெட்டி நம் ஊர்ச் சாலையில் வந்தது. அதைப் பார்த்த யாருக்கும் போர் டி.வி. விவாதம் ஆகாது.

அரியலூருக்கு இந்திய அரசியலில் ஓர் இடம் உண்டு, பலருக்கு மறந்துபோயிற்று. 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலம் அருகே ரயில் கவிழ்ந்தது. அந்தப் பழியைத் தன் தலையில் ஏற்று மந்திரிப் பதவியை விட்டு இறங்கினார் லால் பகதூர் சாஸ்திரி. அவர்தான் 1965-இல் பிரதமராக இருந்து பாகிஸ்தானோடு போர் நடத்தினார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதே மனிதர்தான் தாஷ்கண்டுக்குப் போய் 1966 ஜனவரி 10-ஆம் தேதி அயூப் கானோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அன்று இரவே உயிர் போயிற்று. நம் ஆற்றங்கரையில் செத்தவர்களுக்குப் பொறுப்பேற்றவருக்கு, எல்லையில் செத்தவர்களின் கணக்கும் உறுத்தியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லை என்றதும் ஒரு சிரிப்பு வருகிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூரை 2001-இல் பிரித்தார்கள். 2002-இல் சேர்த்தார்கள். 2007-இல் மறுபடி பிரித்தார்கள். இத்தனை தடவை கோடு போட்டும் அழித்தும், ஒரு கல் கூட யாரும் எறியவில்லை. கலெக்டர் ஆபீசுக்கு எந்த பஸ் ஏறுவது என்ற குழப்பம் மட்டும்தான். அதே பெரம்பலூர்ப் பக்கம் ரஞ்சன்குடிக் கோட்டை, வாலிகண்டபுரம் வட்டாரத்தில் 1751-இல் ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் மோதினார்கள். ஆற்காட்டு நவாப் யார் என்று முடிவு செய்ய! உழுதுகொண்டிருந்த நம் ஆட்களிடம் யார் கேட்டார்கள்?

இன்னொன்று, இது சிமென்ட் ஊர்க்காரர்களுக்கு மட்டும் புரியும் கணக்கு. காசாவில் இடிந்து கிடக்கும் கட்டட இடிபாடு 5 கோடி டன்னுக்கும் மேல் என்று ஐ.நா. மதிப்பிட்டது. நம் ரோட்டில் புழுதி கிளப்பிப் போகிற லாரி ஒன்றுக்கு 25 டன் என்று வையுங்கள். 20 லட்சம் லோடு. ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினால், லாரிக்குப் பத்து மீட்டர் என்றாலும், 20,000 கிலோமீட்டர். பூமியில் பாதிச் சுற்று. சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி, சுட்டு, அரைத்து, மூட்டை கட்டி அனுப்பத் தெரிந்த ஊர் இது. ஒரு வீடு எழும்ப எத்தனை முதுகு வலிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு விஷயம் ஒன்று, கமிட்டிக்காரர்கள் காதில் விழட்டும். 1971 ஆகஸ்டில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் கச்சேரி நடத்தினார்கள். டிக்கெட்டில் சேர்ந்த சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குப் போனது. இசைத்தட்டில் வந்த பணமோ வரிச் சிக்கலில் பல வருஷம் முடங்கிக் கிடந்தது. முன்கூட்டியே தாளில் எழுதி வாங்காததால் வந்த வினை. ஆகையால் ரசீது கிழிக்காமல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள். மொய் நோட்டின் நகலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரியலூரிலும் பெரம்பலூரிலும் நூலக வாசலில் ஒட்டிவிடுங்கள். வாழை இலைக்கு எவ்வளவு ஆச்சு என்பது உட்பட.

வாசலில் கேட்ட பெரியவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பார்த்துவிட்டேன். ஐயா, யார் வீட்டு விசேஷம் என்று கேட்டீர்களே, விலாசம் தெரியாத வீடு. பெயர் எழுதுகிற இடத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதினால் போதும். மேசை வலப்பக்கம் இருக்கிறது. முதல் பந்தியில் பெரியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் உட்காரட்டும். தம்பிகளா, நீங்கள் பரிமாற வாருங்கள்.