கட்டி முடித்த பிறகு



வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று பட்டமளிப்பு மேடையில் பேசுவது வழக்கம். எனக்குத் தெரிந்தது தண்ணீர் வேலை. பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே ஆற்றுக்கும் ஏரிக்கும் குடிநீருக்கும் அரசு போடும் பணத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உங்களில் சிலர் கட்டடப் பொறியியல் படித்திருக்கிறீர்கள், சிலர் வேதியியல், சிலர் வணிகவியல். மூன்று பேருக்கும் இதில் வேலை இருக்கிறது.

கொங்கு நாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு நொய்யல் சொந்த ஆறு. வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக இறங்கி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. அந்த ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்குப் பக்கத்தில், ஒரத்துப்பாளையம் அணையை அரசு 1992இல் கட்டி முடித்தது. செலவு சுமார் 16 கோடி ரூபாய். சுமார் 10,000 ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். பெரும்பகுதி கரூர்ப் பக்கத்து மானாவாரி நிலம். மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைத்த குடும்பங்களுக்கு அந்த அணை எவ்வளவு பெரிய நம்பிக்கையாக இருந்திருக்கும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டுகளில்தான் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. சாயப்பட்டறைகள் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமானால் உப்பு வேண்டும். சாயத்தின் பெரும்பகுதியைத் துணி எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. தொட்டியில் போட்ட உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீர் ஆற்றில் கலந்தது, ஆறு அணைக்கு வந்தது, அணை அதைத் தேக்கியது. அணையைத் திட்டமிட்டவர்களின் கணக்கில் எத்தனை கன அடி வரும் என்பது இருந்தது. என்ன தண்ணீர் வரும் என்பது இல்லை. தேங்கிய உப்பு நிலத்தடிக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. தென்னை காய்ந்தது. மதகைத் திறந்துவிடுங்கள் என்று ஆட்சியர் அலுவலகத்தின் முன் உட்கார்ந்த உழவர்களைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்திருக்கிறோம். திறக்காதீர்கள் என்று உழவர்கள் கேட்டது இந்த அணையில்தான். கடைசியில் அது தண்ணீரைத் தேக்காமல் வைத்திருக்க வேண்டிய அணையாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் பணக் கணக்குப் பார்ப்போம். அணை கட்டியது பொதுப் பணம். சிறு தொழில் கூடங்களுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க 1991இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில், மூலதனத்தில் நான்கில் ஒரு பங்கு மத்திய அரசின் மானியம், இன்னொரு நான்கில் ஒரு பங்கு மாநில அரசின் மானியம். மீதிதான் கடனும் தொழில்முனைவோர் பங்கும். 1990களின் பிற்பகுதியில் திருப்பூரிலும் பொது நிலையங்கள் எழுந்தன. அவை நிறத்தைக் குறைத்தன, கரிமக் கழிவைக் குறைத்தன. கரைந்த உப்பை எடுக்க அவற்றில் வழி இல்லை. தமிழ்நாட்டில் ஆற்றில் விடும் தண்ணீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த நிலையங்கள் அந்த வரம்பை எட்டவே முடியாது என்பதை முதலாண்டு வேதியியல் மாணவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம். கோளாறு எந்திரத்தில் இல்லை. எந்திரத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருந்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசனத்தை நம்பிய நிலக்காரர்கள், நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஆற்றில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று சாயப்பட்டறைகள் தண்டம் கட்ட வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009இலும் உழவர்களுக்கே தீர்ப்பு. அப்படியும் உப்பு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மொத்தமாக மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். அங்கே வேலை பார்த்தவர்கள் யார்? கிணறு கெட்டதால் நிலத்தை விட்டுத் திருப்பூருக்குப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரே குடும்பம் ஆற்றாலும் நொடிந்தது, ஆற்றைக் காக்க வந்த தீர்ப்பாலும் நொடிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்குகிறது.

அதன் பிறகு மாநில அரசு சுமார் 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத முறைக்குத் திருப்பூர் மாறியது. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் உவர்நீரைக் கொதிக்கவைத்து உப்பையும் மீட்கிறார்கள். கழிவுநீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் மீண்டு, மறுபடி சாயத்துக்கே போகிறது. இது சாதாரணச் சாதனை இல்லை. இதைச் செய்துகாட்டிய பொறியாளர்களையும் தொழில்முனைவோரையும் நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த நிலையத்தை ஓட்டும் செலவைப் பாருங்கள். கொதிகலனுக்கு விறகு, பம்புக்கு மின்சாரம், சவ்வுக்கு மாற்று, எதற்கும் பயன்படாத கலப்பு உப்பையும் சேற்றையும் வைக்க இடம். அந்தச் செலவு ஒவ்வொரு நாளும் வரும். ஆர்டர் குறைந்த மாதத்திலும் வரும். கட்டும்போது கைகொடுத்த பணம் ஓட்டும்போது பக்கத்தில் இருக்காது. கோவை, திருப்பூர் நகரங்களின் வீட்டுச் சாக்கடை வேறு இதே ஆற்றில் இறங்குகிறது. நல்ல மழை பெய்தால் நொய்யலில் நுரை பொங்கியது என்ற செய்தி இன்றும் பத்திரிகையில் வருகிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். தண்ணீருக்காகக் கட்டுவதற்கு நம்மிடம் பணம் கிடைக்கிறது. கட்டியதைக் கவனிப்பதற்குக் கிடைப்பதில்லை. அந்தக் கவனிப்புக்குச் செலவிடாத தொகையைப் பின்னால் நட்ட ஈடாகப் பல மடங்கு கொடுக்கிறோம்.

பாலாற்றைக் கேளுங்கள். தோல் பதனிடும் தொழில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதியின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலில் அரசே ஈட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. இரண்டுக்கும் நடுவில் 28 ஆண்டுகளுக்கு மேல். ஒரு தலைமுறை உழவர்கள் அதற்குள் முதியவர்களாகிவிட்டார்கள். வசூல் ஆகும் வரை அந்தத் தொகை யாருடைய பணம்? நம் எல்லோருடையதும்.

கவனிக்கப் பணம் ஏன் கிடைப்பதில்லை என்பதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். அரசுக் கணக்கில் மூலதனச் செலவு ஒரு தலைப்பு, பராமரிப்பு இன்னொரு தலைப்பு. புதிய அணைக்கு அடிக்கல் நாட்டலாம், கல்வெட்டு வைக்கலாம். ஏரிக்கரையில் முளைத்த கருவேலத்தை வேரோடு எடுத்ததற்கும், மதகுப் பலகைக்கு எண்ணெய் போட்டதற்கும் யாரும் விழா எடுப்பதில்லை. நிதி நெருக்கடி வரும்போது மதிப்பீட்டில் முதலில் அடிபடுவது அந்த வரிதான். ஓய்வு பெற்ற, மதகை இயக்கும் லஸ்கர்களின், கரைக்காவலர்களின் இடங்கள் காலியாகவே கிடக்கும். தண்ணீரின் போக்கை அறிந்த கடைசி மனிதர் வீட்டுக்குப் போனதும் அந்த ஏரியின் நினைவே போய்விடுகிறது.

தரத்தைக் கண்காணிக்கும் பணத்துக்கும் இதே கதைதான். 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. அதைச் செயல்படுத்தும் வாரியங்களுக்கு வருமானம் வேண்டும் என்பதால் 1977இல் நீர் தீர்வைச் சட்டம் வந்தது. ஆலைகளும் உள்ளாட்சிகளும் பயன்படுத்தும் தண்ணீருக்குத் தீர்வை. அதில் பெரும்பகுதி மாநில வாரியங்களுக்கே திரும்பும். தொகை சிறியதுதான். ஆனாலும் தண்ணீரில் வந்த பணம் தண்ணீரைச் சோதிக்கப் போகும் நேர்வழி அது. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். வரிகளை ஒழுங்குபடுத்தியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த நேர்வழியை அடைத்தது தவறு என்றே நினைக்கிறேன்.

கட்டியதைக் கவனிப்பது பற்றி நம் முன்னோர் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தக் குடவோலையில் ஆள் எடுத்தது எதற்கு? ஏரி வாரியமும் அதில் ஒன்று. ஏரியைக் கவனிக்க ஆண்டுதோறும் மாறும் ஒரு குழு. அந்தக் கல்வெட்டில் எனக்கு மிகப் பிடித்த விதி, தகுதியின்மை பற்றியது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. இன்றைக்கு இந்த ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் எத்தனை ஏரிகள் பிழைக்கும்!

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. ஊராரே சேர்ந்து ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தை 2017இல் 100 கோடி ரூபாயில் அரசு மீண்டும் தொடங்கியபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்று வைத்தார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கை நான் பெரிதாக மதிக்கிறேன். தன் கைப்பணம் கலந்த வேலையில் வண்டல் எத்தனை லோடு போனது என்று உழவர் எண்ணுவார். அந்தப் பங்கு பெயரளவில் நின்ற ஊரில் ஒப்பந்ததாரர் மட்டும்தான் எண்ணினார்.

பணம் நன்றாகப் போன இடத்தையும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குழந்தைகளின் பல்லில் கறை, பெரியவர்களின் எலும்பில் வலி. ஜப்பானிய நிறுவனமான ஜைக்காவின் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு நோய்த் தடுப்பு இருக்கிறது. என்ன நோய், எந்தத் தண்ணீரால், எந்த ஊர்களில் என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு போட்ட பணம் அது. ஒரத்துப்பாளையத்தில் விடுபட்ட கேள்வியை இங்கே முதலிலேயே கேட்டார்கள்.

இனி உங்களிடம் வருகிறேன். பணம் எங்கோ தலைநகரில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டியது. நாடு முழுவதற்கும் அது 1,42,084 கோடி ரூபாய். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டுதலில் ஒதுக்கீட்டில் 2 விழுக்காடு வரை தண்ணீரின் தரத்தைக் கண்காணிக்க என்றே இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டி கொடுத்து, அவர்களே தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று தெரியுமா? அந்தப் பெட்டியில் மருந்து தீர்ந்திருக்கிறதா என்று பார்த்தவர் உண்டா?

கட்டடப் பொறியியல் படித்தவர்களே, நாளை ஒரு மதிப்பீடு உங்கள் மேசைக்கு வரும். பத்தாண்டுப் பராமரிப்புச் செலவை எழுதாத மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மேலே இருப்பவர் அந்த வரியை அடித்தால், அடித்தவர் பெயரும் கோப்பில் இருக்கட்டும். வேதியியல் படித்தவர்களே, ஆய்வகத்தில் உட்கார்ந்து எண்ணைப் படிப்பது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உப்பின் அளவை ஒருவர் நேரத்தில் சொல்லியிருந்தால் ஓர் அணை பிழைத்திருக்கும். வணிகவியல் படித்தவர்களே, வரவு செலவைப் படிக்கத் தெரிந்த நீங்கள்தான் ஊருக்கு அதிகம் தேவைப்படுகிறீர்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். வேலைக்காக எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஒரு நாள் சொந்த ஊருக்கு வாருங்கள். ஊராட்சியின் வரவு செலவு அறிக்கையைக் கையில் வாங்குங்கள். தண்ணீருக்கு வந்த பணம் எவ்வளவு, அதில் கட்டியது எவ்வளவு, கவனித்தது எவ்வளவு, கடைசியாகத் தண்ணீரைச் சோதித்தது எந்தத் தேதி என்று எழுந்து நின்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதும் வரை உட்காராதீர்கள்.