தையல்காரர் விரலும் சத்து மாத்திரையும்

பவர் டேபிள் தையல் இயந்திரத்தில் பனியன் தைக்கிறவர்களுக்கு விரல் நுனிதான் முதலீடு. பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற, புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்துகள் அந்த விரல் நுனியையே மரத்துப்போகச் செய்துவிடும். துணியின் ஓரம் கைக்குப் பிடிபடாது. உடனே பக்கத்து மெடிக்கலில் ஓர் அட்டை சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். சத்துதானே, அது என்ன செய்துவிடப் போகிறது?

செய்யும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் கதையைக் கேளுங்கள். கதர் அங்கி அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர் அவர். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாக உருவாக்கி 1945இல் அறிவித்தது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்று கண்ட பிள்ளைகளுக்கு அந்த வகைச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமெடுத்தது. சத்தைக் கொடுத்தால் நோய் வளர்கிறதென்றால், சத்தைத் தடுத்தால்? சுப்பாராவ் குழுவே செய்து அனுப்பிய அமினோப்டெரின் அந்தத் தடுப்பு மருந்து. 16 பிள்ளைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்ததாக 1948இல் ஃபார்பர் எழுதினார். இன்றும் புழங்கும் மெத்தோட்ரெக்சேட் அதே குடும்பம்.

அதற்காக ஃபோலிக் அமிலத்தையே ஒதுக்கிவிட முடியாது. நுரையீரல் புற்றுக்கான பெமெட்ரெக்செட் மருந்தோடு ஃபோலிக் அமிலத்தையும் பி12 ஊசியையும் மருத்துவரே சேர்த்து எழுதுவார். எழுதாவிட்டால் ரத்த அணுக்கள் சரியும், வாய் புண்ணாகும். ஆனால் கேப்சிடபின் சாப்பிடுகிறவர் அதே ஃபோலிக் அமிலத்தை அதிகமாகப் போட்டால் வயிற்றுப்போக்கு கடுமையாகலாம். எந்தக் கீமோ என்று தெரியாமல் மாத்திரை கொடுக்கிறவர் இருட்டில்தான் கொடுக்கிறார்.

மரத்துப்போகும் விரலுக்கு வருவோம். வைட்டமின் இ பெரிய ஆய்வில் பலன் காட்டவில்லை. நரம்புக்கு நல்லது என்று விற்கப்படும் அசிட்டைல் கார்னிடைன், மார்பகப் புற்று நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் மரப்பைக் கூட்டியே விட்டது.

அடுத்த கீமோவுக்குப் பஸ் ஏறும்போது, வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை, சத்து மாவு, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். விரல் மரக்கத் தொடங்கிய உடனே சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ அவரால் முடியும்.