பளபளப்பும் நடுநிலையும்

அழகுப் போட்டியில் நிற்கும் மோட்டார் வண்டியிலே நடுவரின் கண் முதலிற் காண்பது பளபளப்பையே. நடுநிலைக்கு நேரும் முதற் சோதனையும் அதுவே. கலிபோர்னியாக் கரையோரத்தில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய பெபிள் பீச் போட்டியில், ஆரம்பத்தில் புது வண்டிகளே முதற் பரிசைப் பெற்றுவந்தன. யுத்தத்துக்கு முற்பட்ட வண்டியொன்று அங்கு முதன்முதலாக வென்றது 1955இல். அது பின்னாளில் உலகப் பந்தய வீரராகிய பில் ஹில் புதுப்பித்த 1931ஆம் ஆண்டுப் பியர்ஸ்-ஆரோ.

பழமைக்கு நீதி கிடைத்தது போலத் தோன்றியது. ஆயின், வென்றது புதுப்பித்த பழமை. குறைக்குப் புள்ளி கழிக்கும் நடுவருக்கு மங்கிய வர்ணமும் வெடித்த தோலிருக்கையும் குறைகளே. எனவே பரிசை நாடியவர்கள் அவற்றைச் சுரண்டி எறிந்தனர். தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலும் பார்க்கக் கூடுதலாக வண்டியை மினுக்கினர். சுரண்டிய வர்ணம் மீளுமா? அவ்வண்டி எவ்வாறு செய்யப்பட்டது என்பதற்கான சாட்சியமும் அதனோடு போயிற்று.

பழைய மேனி குலையாத வண்டிகளுக்கெனப் பின்னர் தனிப் பிரிவு வகுத்தனர். மரியாதைதான், பந்தியில் ஓரத்தில் இலை போடுவதும் ஒருவகை மரியாதையே. அப்பிரிவைச் சேர்ந்த வண்டியொன்று போட்டி முழுவதற்குமான முதற் பரிசைப் பெற 2024 வரை செல்லவேண்டியிருந்தது. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் ஒருகாலத்தில் இருந்த, 1934ஆம் ஆண்டுப் புகாட்டி அது. அதன் கறுப்பு வர்ணம் தேய்ந்தபடியே இருந்தது.