ருஷ்யப் பண்ணையடிமையும் நம் ஏரி மீனவரும்

(பசியாவரத்தில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வந்து ருஷ்யாவைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் நினைக்கலாம். சோவியத் நாடே 1991ல் கலைந்துவிட்டது, இனி அதில் பேச என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். நான் பேச வந்தது அதற்கும் முந்திய கதை. அது கடனைப் பற்றிய கதை. ஆகவே வியாபாரிகள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

1861ல் ஜார் மன்னன் இரண்டாம் அலெக்சாண்டர் ஒரே உத்தரவில் இரண்டு கோடிக்கும் அதிகமான பண்ணையடிமைகளை விடுவித்தான். அதுவரை நிலத்தோடு சேர்த்து மனிதனையும் விற்றார்கள், அடகு வைத்தார்கள். உலகமே பாராட்டியது. ஆனால் அடுத்த வரியில் என்ன எழுதியிருந்தது? உழுகிற நிலம் வேண்டுமா, அதற்கு விலை கொடு! அரசாங்கம் பண்ணையாருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது. விவசாயி அதை 6 சதவீத வீதத்தில் 49 ஆண்டுகள் கட்டவேண்டும். நல்ல நிலத்தில் ஒரு பகுதியைப் பண்ணையாரே வெட்டி எடுத்துக்கொண்டார். கடன் தீராதவன் நினைத்தபடி ஊரைவிட்டுக் கிளம்பவும் முடியாது. 1905ல் நாடெங்கும் கலகம் வெடித்த பிறகுதான் அந்தத் தவணையை 1907 முதல் ரத்து செய்தார்கள். விடுதலை கிடைத்த அன்று பிறந்த குழந்தைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது!

இந்த மோசடியைக் கண்டுதான் ருஷ்ய அறிவாளிகள் கொதித்தார்கள். அலெக்சாண்டர் ஹெர்சன் லண்டனில் இருந்துகொண்டு 1857 முதல் 'மணி' என்று பொருள்படும் 'கொலோகொல்' பத்திரிகையை அச்சடித்து, ரகசியமாக ருஷ்யாவுக்குள் அனுப்பினார். செர்னிஷெவ்ஸ்கியை 1862ல் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர் சிறையிலேயே 'என்ன செய்ய வேண்டும்?' என்ற நாவலை எழுதினார். அது தணிக்கையையும் தாண்டி 1863ல் வெளிவந்துவிட்டது. (அதிகாரிகளின் தூக்கம் சில சமயம் நாட்டுக்கு நன்மை செய்கிறது!) பின்னாளில் லெனின் 1902ல் தன் நூலுக்கு அதே தலைப்பை வைத்தார்.

இவ்விருவரும் நம்பிக்கை வைத்தது எதில் தெரியுமா? ருஷ்யக் கிராமத்தின் 'மீர்' என்ற ஊர்ப் பொதுமுறையில். நிலம் ஊருக்குச் சொந்தம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பங்களுக்கு மறுபடியும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். நல்ல நிலம் ஒருவருக்கே நிரந்தரமாகிவிடக்கூடாது என்பது கருத்து. இதிலிருந்தே சமத்துவத்துக்குப் போய்விடலாமா என்று 1881ல் வேரா ஜாசுலிச் என்ற பெண்மணி கார்ல் மார்க்சுக்கே கடிதம் எழுதிக் கேட்டார்.

சகோதரர்களே, இதைக் கேட்டதும் நம் ஏரியின் 'பாடு' முறை உங்களுக்கு நினைவு வரவில்லையா? நல்ல இடத்தில் இன்றைக்கு வலை கட்டியவர் நாளைக்கு வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். சீட்டு, முறை, ஊர்க்கூட்டம் இவைதான் சட்டம். பெரிய பேராசிரியர்கள் ஏடு ஏடாக எழுதியதை இங்கே படிக்காத பெரியவர்கள் நடத்திக் காட்டினார்கள். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. பாட்டில் பெயர் உள்ளவருக்கே முறை வரும். பெயர் இல்லாத சாதிக்காரர், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர், பெண்கள் எல்லோரும் வேலிக்கு வெளியே. ருஷ்ய மீரிலும் இதே குறைதான். உள்ளே இருப்பவருக்குச் சமத்துவம் கொடுத்துவிட்டு வெளியே இருப்பவரை மறந்துபோகிற நீதியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ருஷ்யப் புரட்சி முஸ்லிம்களுக்கு என்ன செய்தது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 1917 டிசம்பரில் லெனினும் ஸ்டாலினும் கையெழுத்திட்டு, ருஷ்யாவிலும் கிழக்கிலும் உழைக்கும் முஸ்லிம்களுக்கு ஓர் அறிக்கை விட்டார்கள். உங்கள் மார்க்கத்தையும் வழக்கங்களையும் யாரும் தொடமாட்டார்கள் என்றார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டன. முஸ்லிம் மக்களுக்கு உரிய இடம் கேட்ட கம்யூனிஸ்டான சுல்தான் கலீயேவ் 1940ல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1883ல் 'தர்ஜுமான்' பத்திரிகை தொடங்கி, புதுமுறை மதரஸாக்களுக்கு வழிகாட்டிய இஸ்மாயில் காஸ்பிரின்ஸ்கியின் கிரிமியத் தாத்தாரியர்கள் 1944 மே மாதம் ஒட்டுமொத்தமாக நாடு கடத்தப்பட்டார்கள். அறிக்கையை வைத்து ஆட்சியை எடை போடாதீர்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அதற்காக அந்த எண்ணங்களையே தூக்கி எறிந்துவிட முடியுமா? 1925 டிசம்பரில் கான்பூரில் இந்தியக் கம்யூனிஸ்டுகளின் மாநாடு கூடியது. தலைமை தாங்கியவர் சென்னை மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர். 1923ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர். வரவேற்புக் குழுத் தலைவர் மௌலானா ஹஸ்ரத் மோஹானி. 1921 அகமதாபாத் காங்கிரசில் பூரண விடுதலை கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தவர். அவர் தொழுகையை விடவில்லை, இவர் நாத்திகர். ஆனாலும் ஒரே மேடையில் நின்றார்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுக்கிறோம். வாங்கியவர் பிடித்ததையெல்லாம் நம்மிடமே போடவேண்டும். விலையையும் நாமே சொல்கிறோம். வங்கி கொடுக்காத பணத்தை நாம் கொடுக்கிறோம், முகத்துவாரம் மணலில் அடைபட்டால் நமக்கும்தானே நஷ்டம் என்பீர்கள். உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் அடுத்த வியாபாரியிடம் விலை கேட்க முடியாது என்றால், அவர் தவணை கட்டிய ருஷ்ய விவசாயியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?

குர்ஆனின் மிக நீளமான வசனம், இரண்டாவது அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர் என்கிறது. நம் ஊரில் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது? ஆகவே ஜமாஅத் வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள். முன்பணத்தைத் தனியாகவும் அன்றன்றைய மீன் விலையைத் தனியாகவும் எழுதுங்கள். ஒரு நோட்டு உங்களிடமும் ஒரு நோட்டு மீனவரிடமும் இருக்கட்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அன்றே அவர் விரும்பியவருக்கு விற்கலாம் என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நோட்டு எழுதிக்கொடுக்கும் வேலையை இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்கள் ஏற்றுக்கொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.